நாலு பேருக்கும் ஒரே வாய்

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீ சுகமா என்று மரியாதையாகத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் என் வலது தோள் அந்த ‘எல்லாரும்’ என்பதில் சேர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, அதனால் தோளைத் தவிர மற்றபடி சுகம் என்று வைத்துக்கொள். கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறதே என்று கலங்காதே, நான் மேசையில் வைத்து எழுதவில்லை. நாங்கள் வழக்கமாக வாசிக்கிற ஹோட்டலின் கீழ்த்தளத்தில் மேசை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருக்கிறது, இப்போது உடை மாற்றிக்கொள்வதெல்லாம் அங்கேதான், அங்கே ஒரு விரிப்புக் குவியல்மேல் உட்கார்ந்து மடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து எழுதுகிறேன். ஜன்னல் கிடையாது, போனுக்கு சிக்னலும் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற இயந்திரம் ஓடுகிறது, அது சுற்றும்போது என் பல் ஆடுகிறது. கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்து எத்தனையோ நாளாகிறது, மாட்டித் தர யாரும் வரவில்லை, சாத்திக்கொண்டால் வெளியே இருந்துதான் திறக்க முடியும் என்பதால் ஒரு செருப்பை இடுக்கில் வைத்திருக்கிறேன். மற்ற மூன்று பேரும், அப்பாவும் சித்தப்பாவும் டீச்சரும், சாப்பிடப் போயிருக்கிறார்கள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன், வயிறு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

போனை எடுத்துப் பேசாமல் இதென்ன தபால் என்று உனக்குத் தோன்றும். வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும் சிட்டு. வாசல் அறையில் ரிகர்சலுக்குப் போட்ட நாலு நாற்காலியும் தாள் வைக்கிற நாலு ஸ்டாண்டும் அப்படியே நிற்கின்றன, மடக்கினதே கிடையாது, அதைத் தாண்டாமல் சமையலறைக்கும் போக முடியாது குளியலறைக்கும் போக முடியாது, என் வீட்டில் நானே பக்கவாட்டில் நடக்கப் பழகிவிட்டேன். என் போனுக்கு வருகிற செய்திகளைக் கண்ணாடி தேடச் சோம்பல்பட்டு அவரையே வாசிக்கச் சொல்லிப் பழக்கிவிட்டேன், திடீரென்று நிறுத்தினால் என்ன ஏது என்று கேட்பார். கேட்டால் எனக்கு முகத்தில் பொய் நிற்காது, உனக்குத் தெரியும்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்குப் புதுப் பல் கட்டியாயிற்று. தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா என்று பல் டாக்டர் கேட்டாராம், இல்லை, அண்ணன் வைக்கிற ரிகர்சலில் மட்டும்தான் என்றாராம் இவர். அந்தப் பெரிய செல்லோவை முழங்காலுக்கு நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் சிரித்தால் அந்தப் பல் மட்டும் தனியாக மின்னுகிறது, வாசிப்பைப் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள். டீச்சர் இன்னும் பகலில் பள்ளிக்கூடம், மாலையில் எங்களோடு இரண்டாவது வயலின் என்று ஓடிக்கொண்டிருக்கிறாள், சிவப்பு மை காயாத விரலோடுதான் வருவாள். என் தாளில் நான் தப்பு விட்ட இடத்தைக் கூட ஒருநாள் பழக்கதோஷத்தில் சிவப்பில் சுழித்துவிட்டு, ஐயோ அக்கா மன்னிச்சுக்குங்க என்று கையைப் பிசைந்தாள். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. காரில் அதே ஏற்பாடுதான், அப்பா ஓட்டுகிறார், பக்கத்தில் செல்லோவுக்கு முன் சீட், பெல்ட் எல்லாம் போட்டு ராஜா மாதிரி. பின்னால் சித்தப்பாவுக்கு ஒரு ஜன்னல், டீச்சருக்கு ஒரு ஜன்னல், நடுவில் நான், காலுக்கடியில் அந்த மேடு, மடியில் வயலினுக்கு அக்கா மாதிரி பெரிசாக என் வயோலா, அதற்கு மேல் அப்பாவின் வயலின். ஒரு நாளாவது அந்த செல்லோவைத் தூக்கி நடுவில் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை, சொன்னால் சிரிப்பார்கள்.

தோள் விஷயத்தை அப்பா உன்னிடம் எப்படிச் சொன்னாரோ, நான் சொல்கிறபடியும் கேட்டுக்கொள். ஒரு வங்கிக்காரர்களின் விருந்து, இதே ஹோட்டலில். எங்களை லிஃப்ட் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கும், அது எங்கள் சுருதிக்குக் கொஞ்சம் கீழே, அப்பா ஒவ்வொரு தடவையும் லிஃப்டை முறைத்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் போகிற அந்தப் பகுதியில் மூன்று பேரும் அடங்கி நிற்க வயோலா மட்டும் தனியாகத் தொடங்குகிற இடம் வந்தது. என் கை மடியிலேயே இருந்தது. தூக்குகிறேன், வரவில்லை. வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளே தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றுவிட்டது. டீச்சர் சட்டென்று என் வரியை எடுத்து வாசித்தாள், அவள் வரியை யாரும் வாசிக்கவில்லை, கேட்டவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஒரு அம்மா கையைக் கூடத் தட்டினாள். முடிந்ததும் என் வயோலாவை அப்பாவே வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து என் வாத்தியத்தை அவர் தொட்டதில்லை. திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் டாக்டரிடம் போனோம், நான் தனியாகவா போக முடியும், நாலு பேருமாகத்தான். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். எத்தனை நாளாக இப்படி என்று என்னைக் கேட்டால் சித்தப்பா பதில் சொல்கிறார். கையைத் தூக்குங்கள் என்றாள், மார்புக்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை என்றாள். அந்த நேரம் பார்த்து அப்பா தன்னை அறியாமல் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார், முதல் வயலின் தொடங்குகிறபோது இழுப்பாரே அந்த மூச்சு, அதைக் கேட்டுத்தானே நாங்கள் மூன்று பேரும் வில்லைத் தந்தியில் வைப்பது. என் கை எழுந்துவிட்டது சிட்டு. தோளுக்கு மேலே, வில் பிடிக்கிற மாதிரி விரலெல்லாம் மடங்கி. அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள், “சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றாள். அவர் போனதும் மறுபடி தூக்கச் சொன்னாள், எழவில்லை. இப்படி வாசித்து வாசித்து உள்ளே நார் நாராகக் கிழிந்திருக்கிறது, ஒரு சீசன் முழுக்க வில்லைத் தொடாதீர்கள், இல்லாவிட்டால் தலை வாரக்கூட ஆள் தேட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் சித்தப்பா அந்த மூச்சுக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், அப்பாவும் சிரித்தார், நடு சீட்டில் நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. என் கை நான் சொன்னால் கேட்கவில்லை, அவர் மூச்சு இழுத்தால் கேட்கிறது என்றால், இத்தனை வருஷமாக அது யாருடைய கை என்று தோன்றிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்.

மறுநாள் ரிகர்சலில் அப்பா ஓட்டுக்கு விட்டார். நம் குழுவில் எதற்கும் ஓட்டுத்தான், எந்த உடுப்பு, எந்த ஊர், இடைவேளை உண்டா இல்லையா என்பது வரைக்கும். சின்ன வயதில் நீயும் கதவோரம் நின்று குச்சியைத் தூக்கி ஓட்டுப் போடுவாய். சம்மதம் என்றால் வில்லைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், எதிர்ப்பு யாருக்கு என்று கேட்டால் எதிர்க்கிறவர் தூக்க வேண்டும், வாயால் சொன்னால் பேச்சு வளரும் என்பதால் வாயால் சொல்வது செல்லாது. அப்பா சொன்னார், “அம்மா எடத்துக்கு சிட்டு வரட்டும். ஒரு சீசன் மட்டும். யாருக்கெல்லாம் சம்மதம்?” மூன்று வில்லும் எழுந்தன. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினாள், என் கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம் அவளுக்கு, அவளைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்ப்பு யாருக்கு என்றார். நான் வில்லைப் பிடித்து என் பலம் முழுவதையும் போட்டேன். முழங்கை மடியைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது, அதோடு சரி. அப்பா ஒரு மூச்சு இழுத்திருந்தால் எழுந்திருக்கும், ஆனால் தன்னை எதிர்ப்பதற்கு யார் மூச்சு இழுத்துக் கொடுப்பார்கள். எனக்குச் சம்மதமில்லை என்று வாயால் சொன்னேன். “வில்லு எழலையே அண்ணி” என்றார் சித்தப்பா, வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பாவும் சிரித்துக்கொண்டே ஏகமனதாக முடிந்தது என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு மூச்சு இழுத்தார். என் கை எழுந்தது, வாசித்தேன்.

ஓட்டு முடிந்துவிட்டால் வெளியே நாலு பேருக்கும் ஒரே வாய் என்பதும் நம் சட்டம்தான். யார் சம்மதித்தார்கள், யார் மல்லுக்கு நின்றார்கள் என்பது கச்சேரி பிடித்துத் தருகிற ஏஜென்ட் காதுக்குப் போகக் கூடாது, ஹோட்டல்காரர் காதுக்குப் போகக் கூடாது, சொந்தக்காரர் காதுக்கும் போகக் கூடாது. குழு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் ஒத்துக்கொண்டதுதான், அந்த ஒரே வாய் எப்போதும் அப்பா முகத்திலேயே இருக்கிறது என்பது வேறு விஷயம். நீ வெளி ஆளா உள் ஆளா என்று இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அந்த நாற்காலியில் நீ உட்காராத வரைக்கும் வெளி ஆள், சட்டப்படி உன்னிடம் நான் இதைச் சொல்லக் கூடாது. உட்கார்ந்துவிட்டால் உள் ஆள், அப்புறம் சொல்லியும் புண்ணியமில்லை. சட்டம் கிடக்கட்டும் என்று முடிவு பண்ணித்தான் இந்த விரிப்புக் குவியலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சீசன் மட்டும் என்ற பேச்சு எனக்குப் புதிதில்லை. நான் வந்ததும் ஒரு சீசனுக்குத்தான். அப்போது நான் வயலின்காரி, பதிவுக்கூடத்தில் ஒரு நாள், நாடகக் கொட்டகையில் மேடைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஒரு நாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுவேன், பஸ்ஸிலேயே சாப்பிடுவேன், அடுத்த வாரம் எங்கே என்று எனக்கே தெரியாது, அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. இவர்கள் குழுவில் வயோலாக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். ஏன் ஓடினார் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, உன் அப்பா அழகாக இருந்தார். ஒரு சீசன் முடிந்து நாடகக் கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்தால் என் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்து நன்றாகவே வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை, நம் தொழிலில் நாற்காலிச் சூடு ஆறுவதற்குள் ஆள் உட்கார்ந்துவிடும், பழைய ஆள் பெயர் கூப்பிடுகிறவர்களின் மனசிலிருந்து அப்படியே உதிர்ந்துவிடும். என் ஒரு சீசன் இன்னும் முடிந்தபாடில்லை. உன்னைப் பெற்றதற்கோ உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதற்கோ நான் வருத்தப்படவில்லை, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. சமைக்கிற இடத்தில் ஒரு ஆளும் வாசிக்கிற இடத்தில் வேறு ஆளும் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். காலையில் காப்பி ஆறிவிட்டது என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மாலையில் அது அவர் என் வரியை மூழ்கடித்து வாசிப்பதில் தெரியும்.

உன் சங்கதிக்கு வருகிறேன். அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அன்றைக்கு அவசரமாகச் சொன்னாயே, அங்கே வயோலாவுக்கு ஆள் தேடுகிற அந்த மூன்று பேர் இந்த சீசன் முழுக்க எங்களோடு வாசி, பிறகு சேர்ந்தே இருந்துவிடலாமா என்று பார்ப்போம் என்றார்கள் என்று. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அங்கே உனக்கு யாரும் பூமெத்தை விரித்து வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுகிறான் என்று தந்திக்கடியில் துணி செருகி வாசிக்கிறாய், கடை வாசலில் நின்று குளிரில் வாசிக்கிறாய், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க மூன்று பஸ் மாறுகிறாய். ஆனால் அன்றைக்கு ஒன்று சொன்னாய். ஒரு இடத்தை இன்னும் கொஞ்சம் தயங்கி வாசித்தால் என்ன என்று நீ கேட்டதும் அந்த மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் உடனே அப்படி வாசித்துப் பார்த்தார்கள் என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் வேறு மாதிரி இருந்தது. நம் வீட்டில் உன்னிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான், சரி சரி வேளாவேளைக்குச் சாப்பிடு என்று உளறி வைத்தேன்.

அதனால் வராதே சிட்டு. நீ வராவிட்டால் இங்கே குடி முழுகிப் போகாது. ஏஜென்டிடம் ஒரு வயோலாக்காரன் இருக்கிறான், கண் கூசுகிற சட்டைதான் போடுவான் ஆனால் வாசிப்பு சுத்தம், கூப்பிட்டால் நாளைக்கே வருவான். அப்பாவுக்கு அவன் ஆகாது, ஏன் எதற்கு என்று கேள்வி கேட்பானாம். நீ கேட்க மாட்டாய் என்று அவருக்குத் தெரியும், அப்பாவிடம் நீ எதையும் கேட்டதே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, உன்னைப் பார்க்காமல் ஏங்குகிறார், உன் அறையில் இருந்த தட்டுமுட்டெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுச் சுண்ணாம்பு அடித்து ஜன்னலுக்கு நீலத் திரை வாங்கி மாட்டியிருக்கிறார், நேற்று அந்தத் திரையை நேராக்கிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். எனக்கும் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், உன் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பே கேட்கிறது. நீ வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான், அந்தச் சந்தோஷத்திலேயே உன்னைப் போகவிடாமல் பண்ணிவிடுவேன். அந்தச் சட்டைக்காரனையும் வேண்டாம் என்று சொல்லி அப்பா என்னையே உட்கார வைத்தால் அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக நீ பரிதாபப்பட்டுப் பெட்டியைக் கட்டாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா உனக்குப் போன் பண்ணுவார். அதட்ட மாட்டார், அதட்டினால் சுலபமாக இருக்கும். ஒரு சீசன் மட்டும்தாம்மா என்பார், அப்புறம் பேசாமல் இருப்பார். அவர் பேசாமல் இருப்பது பெரிய வித்தை, எதிரே இருக்கிறவர்கள் தாங்க முடியாமல் ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள், நான் அப்படித்தான் சரி என்று சொன்னேன். நீ நிரப்பாதே. தாளில் வெறும் ஓய்வாக வருகிற இடத்தில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அப்படி எண்ணிக்கொண்டிரு. வர முடியாது என்று மட்டும் சொல், ஏன் என்று காரணம் சொல்லாதே, காரணம் சொன்னால் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார், வாடகை என்றால் வாடகைக்கு வழி, டிக்கெட் என்றால் டிக்கெட்டுக்கு வழி. வெறும் முடியாது என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வாசித்துவிட்டு வந்தால் கையை உடனே வெந்நீரில் விடாதே, துணியால் சுற்றி மெதுவாகச் சூடாக்கு. தோளில் சின்னதாகப் பிடித்தாலும் அன்றைக்கே சொல்லி நிறுத்து, பரவாயில்லை பரவாயில்லை என்று என்னை மாதிரி சமாளிக்காதே. வில்லுக்கு முடி மாற்றி எவ்வளவு நாளாயிற்று, போனில் கேட்டாலே தெரிகிறது. அந்த மூன்று பேரிடமும் கருத்து சொல்வதை நிறுத்தாதே, அவர்கள் சலித்துக்கொண்டாலும் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும், நாலு பேர் நடுவில் உட்கார்ந்தாலும் உன் கை உன் கையாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா பேசி முடித்ததும் போனை என் கையில் கொடுப்பார். மூன்று பேரும் சுற்றி நிற்பார்கள், நாலு பேருக்கும் ஒரே வாய் என்ற கணக்கில் நான் பேசியாக வேண்டும். வந்துடும்மா, அம்மாவுக்கு முடியல என்று சொல்வேன். அழுதாலும் அழுவேன், அந்த அழுகை பொய்யாகவும் இருக்காது. அதைக் கேட்டு உனக்கு நெஞ்சு இளகும். அப்போதும் முடியாது என்று சொல், என்னிடமே சொல், நான் இரண்டாம் தடவை கூப்பிட்டாலும் சொல்.

இப்படிக்கு,
அம்மா மட்டும்